போகும்போது தின்பது, வரும்போது வாங்குவது: சென்னையிலிருந்து ஆறு நாள் இனிப்புப் பயணம்

முதல் தடவை காரில் தெற்கே போனபோது பார்த்த இடத்திலெல்லாம் வாங்கினோம். முதல் இரண்டு நாளிலேயே டிக்கி நிறைந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய இரண்டு கிலோ பால்கோவா மே மாத வெயிலில் மூன்று நாள் டிக்கியில் வெந்து, தாம்பரம் வீட்டில் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. கடைக்காரர் மேல் குற்றமே இல்லை, அடுப்பு மாதிரி இருந்த டிக்கியில் அதை வைத்தது நான்தான். அல்வாப் பொட்டலத்திலிருந்து கசிந்த நெய் மாமியாரின் பட்டுப்புடவைப் பைக்குள் இறங்கியிருந்தது. அந்தப் புடவையை எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தாலும் அந்தப் பயணத்தின் பேச்சும் கூடவே வரும்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று முறை போய்வந்துவிட்டோம். இப்போது வழியைத் தீர்மானிப்பது வரைபடம் இல்லை, பண்டத்தின் ஆயுசு. சுடச்சுடத் தின்னவேண்டியவை போகும் வழியில். தாங்கக்கூடியவை திரும்பும் வழியில். சீக்கிரம் கெடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். கீழே உள்ள வரிசை அப்படி வந்ததுதான். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு இடத்தில் சுற்றுவழியாகத் தெரியும், பரவாயில்லை.

முதல் வேலை: நாள் பார்ப்பது

பொங்கல் முடிந்து மாசி வரைக்கும் உள்ள நாட்கள்தான் என் தேர்வு. வெயில் ஏறியிருக்காது, மழையும் ஓய்ந்திருக்கும். தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாள் வேண்டவே வேண்டாம். எல்லாக் கடையிலும் மொத்த ஆர்டர் ஓடும், நின்று ருசி பார்க்க யாரும் விடமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாப் பக்கம் மழை பிடித்தால் முதல் நாள் திட்டமே கெடும். சித்திரைத் திருவிழா நேரத்து மதுரை, ஆடிப்பூரத்துத் தேரோட்ட நேரத்து ஸ்ரீவில்லிபுத்தூர், தை மாதத்தில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் திருவையாறு, இந்த மூன்றிலும் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. திருவிழாவையும் சேர்த்துப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு.

வண்டியில் ஏற்றவேண்டியவை

மூடி இறுக்கமாக உட்காரும் எவர்சில்வர் டப்பா நான்கு. ஒரு ஐஸ் பெட்டி. பட்டர் பேப்பர் ஒரு சுருள். அட்டைப்பெட்டி ஒன்று, காலியாக (எதற்கு என்று ஐந்தாம் நாள் தெரியும்). பிளாஸ்க்கில் வெந்நீர் கட்டாயம். நெய்ப் பண்டம் தின்ற நாக்கு அடுத்த ருசியை அறியாது. இரண்டு மடக்கு வெந்நீர் குடித்தால்தான் விழிக்கும். எறும்பு விஷயமும் உண்டு. ஒரு தடவை பின்சீட்டில் சிந்திய கடலை மிட்டாய்த் தூளுக்காக வண்டிக்குள் குடியேறிய எறும்புகள் ஒரு மாதம் காலி செய்யவில்லை. தின்பது எப்போதும் வண்டிக்கு வெளியே.

இன்னொரு விதி: எந்தக் கடையிலும் தலைக்கு 50 கிராமுக்கு மேல் கேட்காதீர்கள். நால்வர் போனால் 100 கிராம் வாங்கிப் பகிர்ந்தால் போதும். சர்க்கரை உள்ளவர் கூட வந்தால் மாத்திரை விஷயத்தைக் கிளம்புமுன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் நாள்: விழுப்புரம் முட்டை மிட்டாய், திருவையாறு அசோகா

விடியற்காலை ஐந்துக்குள் ஜிஎஸ்டி சாலையில் இருக்கவேண்டும். பெருங்களத்தூரையும் செங்கல்பட்டையும் விடியுமுன் தாண்டினால் மற்றதெல்லாம் சுகம். திண்டிவனம் பக்கம் டிபன் சாப்பிடுங்கள். இட்லியோ பொங்கலோ, காரமாக எதுவானாலும் சரி. வெறும் வயிற்றில் இனிப்பைத் தொட்டால் பத்து மணிக்கே திகட்டிவிடும்.

சென்னையிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர். பைபாஸிலேயே பறந்துவிடாமல் ஊருக்குள் போய் முட்டை மிட்டாய் கேளுங்கள். மிட்டாய் என்று பெயர் இருந்தாலும் பார்க்க கேக் துண்டு மாதிரி இருக்கும். முட்டை, பால்கோவா, சர்க்கரை, நெய், பாதாம், குங்குமப்பூ எல்லாம் கலந்து தட்டில் ஊற்றிச் சுட்டெடுப்பது. மேல்பரப்பு பழுப்பாக முறுகி, உள்ளே ஈரமாக இருந்தால் அன்றைக்குச் செய்தது. முட்டை வாடை துளியும் வராது. எங்கள் அத்தை மட்டும் பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய பங்கை நான் பார்த்துக்கொண்டேன்.

விழுப்புரத்திலிருந்து கோலியனூர் கூட்டு ரோடு வழியாகப் பண்ருட்டிச் சாலையைப் பிடியுங்கள். சித்திரை, வைகாசியில் போனால் பண்ருட்டி ஓரத்தில் பலாச்சுளை நறுக்கி விற்பார்கள். மற்ற மாதங்களில் முந்திரி. வடலூர், சேத்தியாத்தோப்பு தாண்டிக் கும்பகோணம் சேர மதியமாகும். அங்கே இனிப்பு எதுவும் தேடவேண்டாம். ஒரு சாப்பாடு, பித்தளை டபராவில் ஒரு டிகிரி காபி, கிளம்பும்போது ஒரு கவுளி கும்பகோணம் வெற்றிலை. வெற்றிலையும் சுண்ணாம்பும் பாக்கும் இல்லாமல் இந்தப் பயணத்தில் ஜீரணம் நடக்காது.

சாயங்காலம் நாலரைக்குத் திருவையாறு. அசோகா என்ற பெயரில் சென்னையில் கல்யாணப் பந்தியில் வைக்கிறார்களே சிவப்பாக, அதை மறந்துவிட்டு வாருங்கள். அசல் சரக்கு பாசிப்பருப்பு. பருப்பை வறுத்து, குழைய வேகவைத்து, மசித்து, கொஞ்சம் கோதுமை மாவோடு சர்க்கரையும் நெய்யும் சேர்த்து, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிண்டுவார்கள். இலைத்துண்டில் சூடாக வைத்துக் கொடுப்பதை உடனே வாயில் போடவேண்டும். முதலில் நெய், பிறகு சர்க்கரை, கடைசியில் வறுத்த பருப்பின் வாசம். அந்த மூன்றாவது வாசம் ஆறின அசோகாவில் இல்லை. அதனால்தான் இதை வாங்கிக்கொண்டு போகாதீர்கள் என்கிறேன். கூடவே கொஞ்சம் காரம் வாங்கிக் கடித்துக்கொண்டு இரண்டாவது கரண்டிக்குப் போவது உள்ளூர்ப் பழக்கம், அதையே பின்பற்றுங்கள். ராத்தங்கல் தஞ்சாவூரில், 13 கிலோமீட்டர்தான்.

இரண்டாம் நாள்: காரைக்குடி, மதுரை

தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடி என்று பதினோரு மணிக்குள் வந்துவிடலாம். செட்டிநாட்டு இனிப்பில் ஒரு சிக்கல் உண்டு. நல்லவை பாதி கடையில் கிடைக்காது. கந்தரப்பமும் உக்காரையும் கவுனி அரிசியும் வீட்டு விசேஷப் பண்டங்கள். அதனால் முந்தின நாளே ஏதாவது ஒரு மெஸ்ஸுக்கோ தங்கும் விடுதிக்கோ போன் செய்து, மதியச் சாப்பாட்டோடு கவுனி அரிசி வைக்கமுடியுமா என்று கேட்டுவிடுங்கள். அது கறுப்பரிசி, நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்து பழகியது. இரவு முழுக்க ஊறினால்தான் வேகும், அதனால் திடீரென்று போய் நின்றால் கிடைக்காது. வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்தால் ஊதாக் கறுப்பில் பளபளக்கும். மென்றுகொண்டே இருக்கவேண்டும், அவசரக்காரர்களுக்குப் பிடிக்காது.

மதுரைக்கு இன்னும் 90 கிலோமீட்டர் போல. ஜிகர்தண்டாவைப் பகல் வெயிலில் குடிப்பதா, இரவில் குடிப்பதா என்று மதுரைக்காரர்களிடம் கேட்டால் ஒரு சண்டையே நடக்கும். நான் இரவுக் கட்சி. விளக்குத்தூண் பக்கம் ஒன்பது மணிக்கு நின்றுகொண்டே குடிக்கவேண்டும். டம்ளரின் அடியில் ஊறின பாதாம் பிசினோ கடற்பாசியோ, மேலே நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சின பால், அதன்மேல் பாசுந்தி, உச்சியில் ஐஸ்கிரீம். அந்த ஐஸ்கிரீமின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இல்லாமல் காய்ந்த பனையோலை நிறத்தில் இருந்தால் பாலை நேரம் எடுத்துச் சுண்டவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சென்னையில் ரோஸ் எசன்ஸ் ஊற்றித் தருவதற்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். கலக்கிக் குடிக்காதீர்கள், மேலிருந்து ஸ்பூனால் இறங்குங்கள்.

மூன்றாம் நாள்: வயிற்றுக்கு ஓய்வு, பிறகு அல்வா

காலையில் தூங்குங்கள். மதியம்வரை இனிப்புத் தொடவேண்டாம். மதுரையிலிருந்து திருநெல்வேலி சுமார் 160 கிலோமீட்டர், நாலுவழிச் சாலை, மூன்று மணி நேரம் போதும். ஒரு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். வழியில் சாத்தூரில் நிறுத்திக் காராச்சேவு வாங்குங்கள். அன்றைக்குச் சாயங்காலம் அது ஒரு மருந்து மாதிரி பயன்படும்.

நெல்லை டவுனில் இனிப்புக் கடைக்கு லாலா கடை என்றுதான் பெயர். வடக்கிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பங்கள் தொடங்கிய தொழில் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். திறக்குமுன்பே வரிசை நிற்கும், அல்வா தீர்ந்தால் கடை மூடிவிடும். நான்கரைக்கே போய் நின்றுவிடுங்கள். வரிசையில் நிற்கப் பொறுமை இல்லையென்றால் டவுனிலும் ஜங்ஷனிலும் வேறு நல்ல லாலா கடைகள் உண்டு. ஒரு கடைதான் உசத்தி என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை. ஆனால் ஒருதடவையாவது அந்த வரிசையில் நிற்கவேண்டும்.

வாங்கியதும் சூடாறுமுன் கையில் பிடித்துப் பாருங்கள். இலை வழியே சூடு உள்ளங்கையில் ஏறும். விரலால் கிள்ளினால் அறுந்து வராது, நழுவும். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, தெளியவைத்து, மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, அந்தப் பாலைச் சர்க்கரையோடு மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். கிண்டக் கிண்ட நெய்யைக் குடிக்கும். பக்குவம் வந்தபிறகு குடித்த நெய்யைத் திரும்ப வெளியே விடும். அந்த நெய்தான் உங்கள் மணிக்கட்டுவரை வழிகிறது. அந்தப் பழுப்பு நிறம் சர்க்கரை காய்ந்து முறுகுவதால் வருவது. அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரே சொல்லும். கோதுமைப் பாலைப் பதமாகப் புளிக்கவிடும் கைப்பழக்கத்துக்கும் பாதிப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். அதை நெல்லையில் வாய்விட்டுச் சொல்வதில்லை.

என் மச்சான் முதல்முறை கால் கிலோவை ஒரே ஆளாகத் தின்கிறேன் என்று இறங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு, "மாப்ளே, அந்தச் சேவுப் பொட்டலம் எங்கே?" என்றார். சாத்தூர்ச் சேவு அதற்குத்தான்.

வீட்டுக்கு அல்வா வாங்குவதென்றால் இங்கேயே, இன்றைக்கே. டிக்கியில் முதலில் ஏறுவது இதுதான். நெய் நிறைய உள்ள பண்டம், ஃபிரிட்ஜ் இல்லாமலே பல நாள் தாங்கும். பொட்டலத்தோடு அப்படியே எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடுங்கள். புடவைப் பை பக்கம் வேண்டாம்.

நான்காம் நாள்: தேரிக்காட்டு வழி

யாரும் அதிகம் போகாத பாதை இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். திருநெல்வேலியிலிருந்து சாத்தான்குளம், அங்கிருந்து பக்கத்தில் முதலூர். இங்கே மஸ்கோத் அல்வா. மைதாவிலிருந்து பால் எடுத்து, அதில் தேங்காய்ப்பால் சேர்த்துக் கிண்டுவது. நெய்க்குப் பதில் தேங்காய்ப்பாலிலிருந்து பிரியும் எண்ணெய்தான் மினுமினுப்பு. திருநெல்வேலி அல்வா நழுவும் என்றேன், இது பல்லில் பிடித்துக்கொண்டு விடாது. நெய்க்கு மறுநாள் தேங்காய் வாசம் வருவது நாக்குக்குப் பெரிய ஆறுதல்.

அங்கிருந்து தேரி என்கிற செம்மணல் மேடுகளையும் பனையையும் பார்த்துக்கொண்டே உடன்குடி. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதநீர் இறங்கும் பருவம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடிவாக்கில் முடியும். அந்த நாட்களில் போனால் பனங்காட்டிலேயே காய்ச்சுவதைப் பார்க்கலாம். கருப்பட்டி வாங்குமுன் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனிக் கற்கண்டு மாதிரி மின்னினால் சர்க்கரைப் பாகு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மங்கலாக, கறுத்து, லேசான உப்புக்கரிப்போடு இருப்பதையே நான் எடுப்பேன். சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட சில்லுக்கருப்பட்டி கிடைத்தால் காரில் ஓட்டுநர் வாய்க்கு வைத்துக்கொள்ளலாம், தூக்கம் வராது.

திருச்செந்தூரில் முருகனைப் பார்த்துவிட்டுக் கடற்கரையை ஒட்டி 40 கிலோமீட்டர் வடக்கே போனால் தூத்துக்குடி, ராத்தங்கல் அங்கே.

ஐந்தாம் நாள்: மக்ரூன், கடலை மிட்டாய், கடைசியாகப் பால்கோவா

தூத்துக்குடி மக்ரூனில் மூன்றே சரக்கு: முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு. வெள்ளைக்கருவை நுரை நிற்கும்வரை அடித்து, சர்க்கரையும் முந்திரித்தூளும் சேர்த்து, காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் பிழிவார்கள். கூம்பை மேலே இழுக்கும்போது ஒரு கூர்முனை நிற்கும். இரவு முழுக்க அடுப்பின் தணிந்த சூட்டில் காய்கிறது. அந்த முனைதான் பயணத்தின் பரம எதிரி. சும்மா பையில் போட்டு எடுத்துவந்தால் வீட்டில் திறக்கும்போது தூள்தான் மிஞ்சும். அந்தக் காலி அட்டைப்பெட்டி இதற்குத்தான். பட்டர் பேப்பர் கசக்கி இடுக்கில் வைத்து, டிக்கியில் வேண்டாம், யாராவது மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப்படாமல் இருந்தால் வாரக்கணக்கில் மொறுமொறுப்பு போகாது.

எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டி சுமார் 60 கிலோமீட்டர். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய் ஊர். கரிசல் நிலத்துக் கடலையும் வெல்லப்பாகும்தான், மேலே வண்ணத் தேங்காய்த் துருவல் தூவியிருப்பார்கள். பாகு பதம் சரியாக இருந்தால் பல்லில் ஒட்டாமல் டக்கென்று உடையும். ஒட்டினால் வேறு கடை பாருங்கள். தாராளமாக வாங்கலாம், ஆபீஸுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க இதைவிடச் சௌகரியமான பண்டம் இல்லை.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர். போகும்போதே மதுரையிலிருந்து 75 கிலோமீட்டரில் முடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முடித்திருக்கலாம், அப்புறம் பால்கோவா நான்கு நாள் டிக்கியில் இருக்கும். இங்கே அடுப்பு விறகு அடுப்பு. புளிய விறகோ முந்திரிக்கொட்டை ஓடோ எரியும். பத்து லிட்டர் பசும்பால் சர்க்கரையோடு சுண்டினால் மூன்று கிலோ சொச்சம்தான் மிஞ்சும். 2019இல் இதற்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு வந்தது. ஆண்டாள் கோயிலைச் சுற்றிக் கடைகள் வரிசையாக உண்டு. "இன்னைக்குக் காலையில போட்டதாண்ணே?" என்று கேட்டு, ஓர் ஓரத்தை ருசி பார்த்து வாங்குங்கள். வெள்ளையாக இருப்பதைவிட லேசாகப் பழுப்பேறியதில்தான் விறகடுப்பு வாசம் இருக்கும். வாங்கியவுடனே ஐஸ் பெட்டிக்குள். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ தங்குங்கள். விடுதியில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று அறை எடுக்கும்போதே கேளுங்கள்.

ஆறாம் நாள்: வீடு

திண்டுக்கல், மணப்பாறை, திருச்சி வழியாகத் திரும்பினால் மணப்பாறை முறுக்கு வாங்கலாம். ஐந்து நாள் இனிப்புக்குப் பிறகு அந்த ஓமமும் உப்பும் தெய்வம். மற்றபடி இன்றைக்குச் செய்ய வேலை இல்லை. திருச்சி தாண்டியபின் நேரே சென்னைதான். ஞாயிறாக இருந்தால் மாலை நான்குக்குள் செங்கல்பட்டைக் கடந்துவிடுங்கள், இல்லையென்றால் சுங்கச்சாவடி வரிசையிலேயே பால்கோவாவைக் காலி செய்யவேண்டியிருக்கும். அப்படியும் ஒரு தடவை நடந்தது, யாரும் வருத்தப்படவில்லை.

ஆறு நாள் லீவு கிடைக்காதவர்களுக்கு

பெங்களூரு சாலையில் ஆற்காடு இரண்டரை மணி நேரம்தான். மக்கன் பேடாவுக்கு மட்டுமே போய்வரலாம். பார்வைக்குக் குலாப் ஜாமூன்தான், ஆனால் உள்ளே நறுக்கிய பருப்பும் உலர்பழமும் வைத்து அமுக்கி, வாயில் போட்டதும் மெல்லாமலே கரையும் பதம். ஒன்று போதும் என்று தோன்றும், இரண்டாவதைக் கை தானாக எடுக்கும். அதுவும் முடியாதென்றால் சௌகார்பேட்டை மின்ட் தெருவில் இரவு ஏழு மணிக்குமேல் சூடான ஜிலேபியும் பாதாம் பாலும். திருவல்லிக்கேணியில் தம் ரூட் கேளுங்கள். ரவையும் நெய்யும் கோவாவும் சேர்த்துச் சுட்ட, மேலே கருகினாற்போன்ற பட்டையோடு வரும் துண்டு. மெட்ரோவிலோ பஸ்ஸிலோ போங்கள், அங்கெல்லாம் கார் நிறுத்தச் சுற்றுவதற்குள் பசியே போய்விடும்.